யூதர் என்போர் யார்? கல்வியால் நிலைபெற்ற ஓர் அடையாளம்

யூதர் என்ற சொல் நமது வாசகர்களில் பெரும்பாலானோருக்கு முதலில் நினைவூட்டுவது இஸ்ரேல் என்ற அரசையும் அதன் படையினரையுமேயாகும். இதில் வாசகரை மட்டும் குறைகூறுவதற்கில்லை. ‘இஸ்ரேலியப் படை’ என்று வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் சொற்றொடர், தமிழாக்கம் பெற்று அச்சேறும்போது ‘யூதப் படை’யாக மாறிவிடுவதை இக்கட்டுரையாளர் ஆசிரியபீடத்தில் இருந்து பலமுறை கண்டதுண்டு, வேலை அவசரத்தில் திருத்தாமல் விட்டதும் உண்டு.

2023 ஒக்டோபர் 7 ஆம் திகதிக்குப் பின்னர் காஸாவில் பல்லாயிரக்கணக்கான பலஸ்தீனர்கள் கொல்லப்பட்டதையும், ஒரு நிலப்பரப்பு முழுவதும் இடிபாடாக்கப்பட்டதையும் கண்ட எவருக்கும் இந்த வேறுபாட்டைப் பற்றிப் பேசுவது காலப்பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயின், ஓர் அரசு செய்வதற்கு ஒரு சமூகம் முழுவதையும் பொறுப்பாளியாக்கும் வழக்கம் எத்தகையது என்பதை இந்நாட்டில் தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு காலங்களில் அனுபவித்தே அறிந்துள்ளனர். ஆதலால் இஸ்ரேலிய அரசைச் சிறிது நேரம் ஒருபுறம் வைத்துவிட்டு, யூதர் எனப்படுவோர் தம்மை யாரென்று கருதுகின்றனர், அக்கருத்து நவீன காலத்தில் எவ்வாறு சிதைந்தும் மீண்டும் கட்டப்பட்டும் வந்துள்ளது என்பதை நோக்குவது பயனுடையதாகும்.

உலகில் இன்றுள்ள யூதரின் தொகை ஏறத்தாழ ஒன்றரைக் கோடியே. இவர்களுட் பெரும்பாலானோர் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் வாழ்கின்றனர். இவர்களை ஒன்றிணைப்பது எது? பொது மொழியன்று, யித்திஷ், லடினோ, அறபு, பாரசீகம், மலையாளம் எனப் பல மொழிகளை இவர்கள் பேசி வந்துள்ளனர். தோற்றமும் அன்று. இறை நம்பிக்கை என்றாலும் பொருந்தாது. கடவுள் இல்லை என்று வெளிப்படையாகக் கூறும் யூதர் பலர் உளர். அவர்களை யூதர் அல்லர் என்று கடும்போக்கு மதகுருவும் சொல்வதில்லை.

பழைய விடை எளிமையானது. கி.பி. 70 இல் உரோமர் ஜெருசலேம் ஆலயத்தை அழித்தபோது, பலியும் பூசாரியும் இல்லாத ஒரு மதம் தொடர்ந்து வாழ்வதற்கு வழியொன்று தேவைப்பட்டது. முற்றுகையிடப்பட்ட நகரிலிருந்து யோகனான் பென் சக்காய் என்ற அறிஞர் சவப்பெட்டியில் மறைந்து வெளியேறி, உரோமத் தளபதியிடம் யவ்னே என்ற ஊரையும் அதன் அறிஞர்களையும் மட்டும் தமக்குத் தருமாறு வேண்டினார் என்றொரு மரபுக்கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் அதன் உட்பொருளை வரலாறு மெய்ப்பித்தது. ஆலயத்தின் இடத்தைக் கல்விக்கூடம் பிடித்துக்கொண்டது. கி.பி. 200 அளவில் மிஷ்னா என்ற சட்டத்தொகுப்பு உருவாயிற்று. அதன்மேல் எழுந்த விவாதங்கள், இன்றைய ஈராக் நாட்டிலிருந்த கல்விக்கூடங்களில் சில நூற்றாண்டுகளாகத் திரண்டு பாபிலோனியத் தல்மூத் என்ற பெருநூலாயின.

தல்மூத்தைச் சட்டநூல் என்பதைவிட விவாதங்களின் பதிவேடு என்பதே பொருந்தும். அதன் முதல் வினாவே, மாலைத் தொழுகை வாசகத்தை எந்நேரம் முதல் ஓதலாம் என்பதாகும். தொழுகை நேரங்களைப் பற்றிய ஃபிக்ஹ் நூல்களோடு பழகிய முஸ்லிம் வாசகருக்கு இத்தொடக்கம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் வினாவுக்கு ஒரு விடையன்றிப் பல விடைகள் தரப்படும். தோற்ற தரப்பின் வாதமும் பெயரோடு பதிவு செய்யப்படும். ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு ஆசிரியர்களின் வழிவந்தோர் நெடுங்காலம் முரண்பட்டபோது, இரு தரப்பினர் சொல்வதும் இறைவனின் வார்த்தையே, ஆயினும் ஹில்லேல் தரப்பின்படியே நடக்க வேண்டும் என முடிவாயிற்று என்று அந்நூல் கூறுகின்றது. அதற்கு அது காட்டும் காரணம் கவனிக்கத்தக்கது: அவர்கள் பணிவுடையோர், தம் கருத்துக்கு முன்னரே எதிர்த்தரப்பின் கருத்தைக் கற்பித்தவர்கள். (நமது அரசியல் மேடைகளில் இவ்வழக்கம் பரவுமாயின் பத்திரிகைக்காரரின் வேலை பெரிதும் குறைந்துவிடும்.)

வெனிஸ் நகரில் டானியல் பொம்பேர்க் என்ற கிறிஸ்தவ அச்சகர் 1520 முதல் 1523 வரை முழுத் தல்மூத்தையும் அச்சிட்டபோது அமைத்த பக்க ஒழுங்கே இன்றும் பின்பற்றப்படுகின்றது. நடுவே மூலம், ஒருபுறம் பிரான்ஸின் துருவா நகரில் வாழ்ந்த ராஷியின் உரை, மறுபுறம் அவரது பேரர்களும் அவர்தம் மாணாக்கரும் அவ்வுரைக்கு எழுப்பிய மறுப்புகள். மூலத்தைச் சுற்றி உரையும், உரையைச் சுற்றி மறுப்புமாக அமைந்த அந்த ஏட்டை ஒருவர் தனியே அமர்ந்து படிப்பதில்லை. இருவர் எதிரெதிரே அமர்ந்து உரத்த குரலில் வாதிட்டே கற்பர். நூலகத்தின் அமைதியை எதிர்பார்த்து ஒரு யூதக் கல்விக்கூடத்துக்குள் நுழைபவர் சந்தைக்குள் வந்துவிட்டதாகவே எண்ணுவார். இந்நூலை எரித்தோரும் உண்டு. 1242 இல் பாரிஸிலும் 1553 இல் உரோமிலும் தல்மூத் ஏடுகள் வண்டி வண்டியாகத் தீயிலிடப்பட்டன.

இம்மரபின் பெருஞ்சிறப்பான காலங்களுள் ஒன்று முஸ்லிம் ஆட்சியின் கீழ் அமைந்தது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. அறபுலகில் இப்னு மைமூன் என அறியப்படும் மைமோனிதிஸ் ஸ்பெயினின் குர்துபாவிற் பிறந்து, எகிப்தில் மருத்துவராகவும் யூத சமூகத்தின் தலைவராகவும் வாழ்ந்து 1204 இல் மறைந்தார். அவரது தத்துவ நூல் அறபு மொழியில், ஆனால் எபிரேய எழுத்தில் எழுதப்பட்டது. அறபு எழுத்தில் தமிழ் எழுதிய அர்வி மரபுக்குரிய நம் முஸ்லிம் மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வாழும் மண்ணின் மொழியைத் தன் வேதத்தின் எழுத்தில் எழுதிக்கொள்ளும் ஒரு சமூகம், தான் இரண்டுக்கும் உரியவன் என்றே சொல்கின்றது.

ஐரோப்பாவில் இந்தப் பழைய விடை 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் போதாததாயிற்று. 1743 இல் தெசாவ் என்ற ஊரிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், தன் ஆசிரியரைத் தேடிப் பேர்லின் நகருக்கு வந்துசேர்ந்தான். பின்னாளில் ஜேர்மனியின் தலைசிறந்த தத்துவவாதிகளுள் ஒருவராக மதிக்கப்பட்ட மோசஸ் மெண்டல்சோன் அவரே. யூதச் சட்டத்தைக் கைவிடாமலே ஐரோப்பிய அறிவுலகின் குடிமகனாகலாம் என்பதைத் தம் வாழ்வால் காட்டியவர் அவர். தோராவை, அதாவது முஸ்லிம்கள் தவ்ராத் என்று கூறும் வேதத்தை, அவர் ஜேர்மன் மொழியில் பெயர்த்து எபிரேய எழுத்திலேயே அச்சிட்டார். யூதப் பிள்ளைகள் நல்ல ஜேர்மன் கற்கட்டும் என்பது நோக்கம். அவர்கள் கற்றார்கள், கற்றபின் பலர் திரும்பவில்லை. மெண்டல்சோனின் வளர்ந்த பிள்ளைகள் அறுவருள் நால்வர் கிறிஸ்தவராயினர். இசைமேதை பீலிக்ஸ் மெண்டல்சோன் சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்ற அவரது பேரன்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 டிசெம்பரில், கிளேர்மோன் தொனேர் என்ற பிரதிநிதி தேசிய சபையில் ஒரு சூத்திரத்தை முன்வைத்தார். ஓர் இனம் என்ற வகையில் யூதருக்கு எதுவும் வழங்கலாகாது, தனிமனிதர் என்ற வகையில் அனைத்தும் வழங்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். யூதரின் நண்பராக நின்று அவர் பேசிய பேச்சு இது என்பதை மறந்துவிடக் கூடாது. 1791 இல் பிரான்ஸின் யூதர் சமவுரிமை பெற்றனர். சமவுரிமையின் விலையாகச் சமூகத்தின் கூட்டு வாழ்வைக் கேட்கும் இக்குரல் எமது வாசகருக்குப் பழக்கப்பட்டதாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மேற்கு ஐரோப்பிய யூதர் பலர், வெளியே ஜேர்மனியராக, பிரெஞ்சுக்காரராக, வீட்டுக்குள் ஆண்டுக்கு இருமுறை மட்டும் யூதராக வாழலாயினர்.

அத்தகைய ஒரு வீட்டிலேதான் ஃபிரான்ஸ் ரோஸன்ஸ்வைக் 1886 இல் காஸல் நகரிற் பிறந்தார். வசதி படைத்த குடும்பம். இளைஞரான அவர் வரலாறும் தத்துவமும் கற்று, ஹேகலின் அரசியற் சிந்தனை பற்றி ஆய்வு செய்தார். மாமன் மச்சான் முறையானோர் சிலர் ஏற்கெனவே கிறிஸ்தவராகியிருந்தனர். 1913 இல் அவரும் மதம் மாறத் தீர்மானித்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டார்: ஆதிக் கிறிஸ்தவர்களைப் போல, யூதனாக நின்றே கிறிஸ்துவிடம் செல்வேன், ஒன்றுமில்லாதவனாகச் செல்லமாட்டேன். ஆகவே அவ்வாண்டு ஒக்டோபரில் பாவக்கழுவாய் நாளைப் பேர்லினில் ஒரு சிறிய வைதிகத் தொழுகைக்கூடத்தில் கழித்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அங்கு நேர்ந்ததைப் பற்றி அவர் எதுவும் எழுதி வைக்கவில்லை. மாதம் முடிவதற்குள், தாம் யூதனாகவே இருக்கப்போவதாக உறவினருக்குக் கடிதம் எழுதினார்.

முதலாம் உலகப் போரில் போல்கன் முனையில் படையாளாக இருந்தபோது, தமது பெருநூலான ‘மீட்பின் விண்மீன்’ என்பதைத் தாய்க்கு அனுப்பும் தபாலட்டைகளிலும் கடிதத்தாள்களிலும் எழுதத் தொடங்கினார். 1921 இல் அது நூலாக வெளிவந்தது. போர் முடிந்தபின் அவரது பேராசிரியர் மைனெக்கே பல்கலைக்கழகப் பதவிக்கு வழி செய்ய முன்வந்தார். அக்கால ஜேர்மனியில் யூதர் ஒருவருக்கு இது எளிதில் வாய்ப்பதன்று. ரோஸன்ஸ்வைக் மறுத்துவிட்டார். ஆய்வாளர் கேட்கும் கேள்விகளைவிட மனிதர் கேட்கும் கேள்விகளே தமக்கு முக்கியம் என்பது அவர் கூறிய காரணம்.

1920 இல் அவர் பிராங்பேர்ட் நகரில் ‘சுதந்திர யூதக் கல்விமனை’ என்ற ஒன்றை நிறுவினார். பட்டம் இல்லை, பரீட்சை இல்லை. நுழைவுத் தகுதியும் இல்லை. தொடக்கவுரையில் அவர் முன்வைத்த கருத்தே இக்கட்டுரையின் மையமாகும். பழைய கல்வி தோராவிலிருந்து தொடங்கி வாழ்க்கையை நோக்கிச் சென்றது, அக்காலம் முடிந்துவிட்டது. இன்று நாம் எல்லோரும் வெளியிலே நிற்கின்றோம். வைத்தியராக, வழக்கறிஞராக, வணிகராக நிற்கும் அந்த இடத்திலிருந்தே தோராவை நோக்கித் திரும்பிச் செல்லும் புதிய கல்வி நமக்கு வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவருவதை எறிந்துவிட்டு வரவேண்டியதில்லை. எதையும் துறக்காமலே மையத்தை நோக்கி நடக்கலாம். இதன்படி அங்கு கற்பிக்கத் தகுதியுடையவர், எல்லாம் அறிந்த பண்டிதரல்லர். மாணாக்கரைப் போலவே தொலைவிலிருந்து திரும்பி வருபவரே.

அவ்வாறே நடந்தது. இரசாயனவியலாளர் ஒருவர் வேதாகமம் கற்பித்தார். மருத்துவர் ஒருவர் விரிவுரை செய்தார். மார்ட்டின் பூபர் 1922 இல் அங்கு ஆற்றிய விரிவுரைகளே பின்னர் அவரது புகழ்பெற்ற ‘நானும் நீயும்’ என்ற நூலுக்கு அடிப்படையாயின. உளவியலாளர் எரிக் ஃபுரோம், யூத மறைஞான ஆய்வின் தந்தை எனப்படும் கெர்ஷோம் ஷோலம், பிற்காலத்தில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அக்னோன் ஆகியோரும் அங்கு வந்து சென்றவர்களே. உச்சகாலத்தில் ஏறத்தாழ 1,100 பேர் கற்றனர். சட்ட ஒழுக்கங்களை எவ்வளவு கைக்கொள்ள வேண்டும் என்பதில் ரோஸன்ஸ்வைக் எவரையும் வற்புறுத்தவில்லை. குறிப்பிட்ட ஒரு வழிபாட்டு வழக்கத்தைத் தாம் அனுசரிப்பதுண்டா என்று கேட்கப்பட்டபோது, ‘இல்லை’ என்னாமல் ‘இன்னும் இல்லை’ என்று அவர் விடையிறுத்ததாகச் சொல்லப்படுவது யூத உலகில் மிகவும் பிரசித்தமானது.

1922 இல் அவரைத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நரம்புநோய் பற்றியது. கைகள் போயின, பேச்சுப் போயிற்று. மனைவி எடித் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூற, அவர் காட்டும் குறிப்பை உணர்ந்து சொற்களைக் கோர்த்தெடுப்பார். இந்நிலையிலேயே யூதா ஹலேவியின் எபிரேயக் கவிதைகளை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். 1925 இல் பூபருடன் சேர்ந்து வேதாகம மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். 1929 டிசெம்பர் 10 இல், 42 ஆவது வயதில் மறைந்தார். கல்விமனை அதற்கு முன்னரே ஓய்ந்திருந்தது.

ஹிட்லர் பதவிக்கு வந்த 1933 இல், யூதர் பல்கலைக்கழகங்களிலிருந்தும் அரங்குகளிலிருந்தும் துரத்தப்பட்ட அந்த வேளையில், பூபர் அதனை மீண்டும் திறந்தார். முதல் தடவை விருப்பத்தின்பேரில் வந்தவர்கள் இம்முறை வேறு போக்கிடம் இல்லாமல் வந்தனர். 1938 இல் பூபர் ஜெருசலேம் சென்றார். அவ்வாண்டு நவம்பரில் ஜேர்மனியெங்கும் தொழுகைக்கூடங்கள் எரிந்தன. வேதாகம மொழிபெயர்ப்பைப் பூபர் தனித்து நின்று 1961 இல் நிறைவு செய்தார். அதைக் கொண்டாடக் கூடிய வைபவத்தில் ஷோலம் பேசுகையில், இந்நூல் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அந்த ஜேர்மன் யூதர் இன்று இல்லை. இது அவர்களுக்கான நடுகல் என்ற கருத்துப்பட உரைத்தார்.

இங்கே இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். லெம்பேர்க் நகரில் 1900 இல், யூத மதகுரு ஒருவரின் பேரனாகப் பிறந்த லியோபோல்ட் வைஸ், இதே பிராங்பேர்ட்டின் பெயர்பெற்ற நாளேட்டுக்கு மத்திய கிழக்கிலிருந்து எழுதிய செய்தியாளர். அதே தசாப்தம், அதே வெறுமையுணர்வு. ஆனால் அவர் கண்ட வழி வேறு. 1926 இல் அவர் இஸ்லாத்தைத் தழுவி முஹம்மது அஸத் ஆனார். ‘மக்காவுக்கான பாதை’ என்ற அவரது நூலை அறியாத முஸ்லிம் வாசகர் சிலரே இருப்பர். திரும்பியவரையும் புறப்பட்டவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அக்காலத் தலைமுறையினர் விடை தேடியது எவ்வளவு தீவிரமாக என்பது விளங்கும்.

கல்விமனையின் வட்டத்திலிருந்து பலஸ்தீனம் சென்ற பூபர், ஷோலம், ஏர்ன்ஸ்ட் சைமன் ஆகியோர் அறபியரும் யூதரும் சமவுரிமையோடு வாழும் ஈரின அரசொன்றை வேண்டிய சிறு குழுவினரோடு சேர்ந்து நின்றவர்கள். அக்குரல் தோற்றுப் போயிற்று. 1948 இல் எழுந்த அரசு, யூதர் என்போர் யார் என்ற வினாவை அறிஞரின் மேசையிலிருந்து எடுத்துக் குடிவரவு அதிகாரியின் மேசையில் வைத்தது. 1950 ஆம் ஆண்டின் ‘திரும்புதல் சட்டம்’ எந்த யூதரும் இஸ்ரேலில் குடியேறலாம் என்றது. யூதர் யார் என்று சொல்லவில்லை. யூதப் பெற்றோருக்குப் பிறந்து, நாஸிகளிடமிருந்து யூதர் பலரைக் காப்பாற்றி, பின் கத்தோலிக்கத் துறவியான ஒஸ்வால்ட் ரூஃபைசன் அச்சட்டத்தின் கீழ் குடியுரிமை கோரியபோது, 1962 இல் உயர் நீதிமன்றம் மறுத்தது. பழைய மதச்சட்டமோ, யூதத்தாய்க்குப் பிறந்தவன் பாவம் செய்தாலும் யூதனே என்கின்றது. ஆக, மதச்சார்பற்ற நீதிமன்றம் மதகுருமாரிலும் கடுமையாக நடந்துகொண்டது. 1970 ஆம் ஆண்டுத் திருத்தம் யூதத்தாய்க்குப் பிறந்தவர் அல்லது மதம் மாறியவர், வேறு மதத்தைச் சாராதவர் என்று வரையறுத்தது. அதே மூச்சில், யூதர் ஒருவரின் பேரப்பிள்ளைகளுக்கும் குடியேறும் உரிமை தந்தது. விளைவாக, குடியேறும் உரிமை பெற்ற ஒருவர் அதே நாட்டில் யூத முறைப்படி மணம் முடிக்க இயலாதவராகவும் இருக்கலாம். அந்நாட்டில் வாழும் பலஸ்தீனக் குடிகளைப் பொறுத்தவரை, தம் பாட்டனார் ஊருக்குத் திரும்பும் உரிமை தமக்கில்லாதபோது எவருக்கெல்லாம் அது உண்டு என்ற இவ்விவாதம் எவ்வாறு ஒலிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கல்வியும் இப்போது அரசியலாகிவிட்டது. 1948 இல் பென் குரியன் ஏறத்தாழ 400 வேதக்கல்வி மாணாக்கருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்களித்தார். அழிந்துபோன கிழக்கு ஐரோப்பியக் கல்விமரபின் எச்சத்தைக் காப்பதே அதன் நோக்கம். அத்தொகை காலப்போக்கில் பல்லாயிரமாகப் பெருகியது. 2024 ஜூன் 25 இல் உயர் நீதிமன்றம், இவ்விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கற்பவனே சமூகத்தைக் காக்கின்றான் என்பது ஒரு தரப்பு. அவனது பங்கையும் எம் பிள்ளைகள் சுமப்பதா என்பது மறுதரப்பு.

ஆயினும் இந்த ஆரவாரங்களுக்கு அப்பால் வேறொன்றும் நடைபெற்று வருகின்றது. 1923 இல் வியன்னாவில் கூடிய வைதிக யூதர் மாநாட்டில் மெயிர் ஷபிரோ என்ற இளம் மதகுரு, உலகெங்குமுள்ள யூதர் அனைவரும் நாளொன்றுக்குத் தல்மூத்தின் ஓரேட்டை, ஒரே ஏட்டை, படிக்க வேண்டுமென முன்மொழிந்தார். 2,711 ஏடுகள், ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள். கப்பலில் செல்லும் ஒருவன் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அன்றைய ஏட்டைத் தன்னோடு கற்பதற்கு ஆள் கிடைக்கும் என்பது அவரது கற்பனை. நெடுங்காலம் இது ஆடவரின் வட்டமாகவே இருந்தது. பெண்களுக்குத் தல்மூத் கற்பிப்பதை மரபு ஏற்கவில்லை. 1917 இல் கிராக்கோவ் நகரில் சாரா ஷெனீரர் என்ற தையற்காரப் பெண் சிறுமியருக்கு ஒரு மதப்பாடசாலையைத் தொடங்கியபோது அதுவே பெரும் துணிச்சலாகக் கருதப்பட்டது. 2020 ஜனவரியில் ஜெருசலேமில், முழுச் சுற்றையும் கற்று முடித்த பெண்களுக்கான விழாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டனர்.

அடீன் ஸ்டைன்சால்ட்ஸ் என்ற அறிஞர் 1965 இல் தொடங்கிய, தல்மூத்தின் விளக்கத்தோடு கூடிய நவீன எபிரேயப் பதிப்பு 2010 இல் நிறைவெய்தியது. ஆங்கிலப் பெயர்ப்புடன் அது 2017 முதல் ‘செஃபாரியா’ என்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றது. மதநம்பிக்கையற்றோரும், அரைகுறை நம்பிக்கையினரும், எபிரேய எழுத்தறியாதோரும் இன்று புகையிரதத்தில் செல்கையில் கைத்தொலைபேசியில் அன்றைய ஏட்டைப் புரட்டுகின்றனர். 2020 ஜனவரி 5 இல் தொடங்கிய 14 ஆவது சுற்றின் கடைசி ஏடு 2027 ஜூன் 7 ஆம் திகதிக்குரியது. வழக்கப்படி மறுநாள், மாலைத் தொழுகை வாசகத்தை எந்நேரம் முதல் ஓதலாம் என்ற அந்த முதல் வினாவிலிருந்து மீண்டும் தொடங்குவர்.